சும்மா மாமா செத்துப்போனார்!

போன் அலறியது.

அவள் ஒரு காதில் ஆபீஸ் மீட்டிங்கும் ஒரு கையில் காபி டம்ளருமாக உட்கார்ந்திருந்தாள். தெரியாத நம்பர். எடுத்தாள்.

"மேடம், ஆஸ்பத்திரி மார்ச்சுவரியிலேர்ந்து பேசறோம். மனசைத் திடப்படுத்திக்குங்க..."

காபி ததும்பியது.

அத்தை!

மாமியாரைக் காலையில்தான் அந்த ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வந்திருந்தாள்!

"சொ... சொல்லுங்க!"

"உங்க அண்ணன் இறந்துட்டாரு மேடம்."

அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சில் கோபம் வந்தது.

"எனக்கு அண்ணனே கிடையாதும்மா! ராங் நம்பர். செத்த வீட்டு விஷயத்துலயாவது நம்பரை ஒழுங்காப் பாத்து அடிக்கக் கூடாதா?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். சிஸ்டம்ல உங்க நம்பர்தான் இருக்கு. உறவு, தங்கச்சின்னு போட்டிருக்கு. பாடியை வாங்கிக்க யாராவது வரணும்."

"பேரு என்னன்னு சொல்லுங்க?"

அந்தப் பெண் பெயரை வாசித்தாள்.

டம்ளர் தரையில் விழுந்து உருண்டது.

அந்தப் பெயரில் அப்படி ஓர் ஆள் இந்த உலகத்திலேயே இல்லை!

அவரை உண்டாக்கியதே அவள்தான்!

*

அவள் ஒரு சாஃப்ட்வேர் கன்சல்டன்ட். ஆஸ்பத்திரிகளுக்கும் மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் கம்ப்யூட்டர் சிஸ்டம் எழுதிக் கொடுப்பது வேலை. ஒரு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம், இன்னொன்றில் ஒரு வருடம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய வாழ்க்கை.

எழுதி முடித்த சிஸ்டத்தை நிஜ நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்க முடியுமா? முடியாது. பொய்யாக ஒரு நோயாளி வேண்டும்.

கல்யாணமான புதிதில், முதல் வேலையின்போது, அவளும் கணவனும் சிரித்துச் சிரித்து உருவாக்கிய ஆள்தான் அவர். அவள் ஒற்றைப் பிள்ளை. அண்ணன் இல்லாத ஏக்கம் உண்டு. 'உறவினர்' என்ற கட்டத்தில் 'தங்கை' என்று தட்டினாள். இறந்தால் வீட்டுக்குத் தகவல் போகிறதா என்று பார்க்க வேண்டுமே... தன் சொந்த நம்பரையே கொடுத்தாள்.

அன்று முதல் அவள் போகும் ஆஸ்பத்திரிக்கெல்லாம் அவர்தான் முதல் நோயாளி!

மலேரியா கொடுத்தாள். மாரடைப்பு கொடுத்தாள். சிஸ்டம் தடுக்கிறதா என்று பார்க்க ஒருமுறை கர்ப்பம்கூடக் கொடுத்தாள். அது தடுக்கவில்லை. இரட்டைக் குழந்தை என்று வாழ்த்து அனுப்பியது. பின்னால் பிறந்த அவள் மகள் அவருக்கு 'சும்மா மாமா' என்று பெயர் வைத்தாள்.

அவருக்கு ஒரு விசேஷம் உண்டு. அவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவர் நூறு தடவை செத்தாலும் ஆஸ்பத்திரியின் கணக்கில் ஒரு சாவுகூடச் சேராது. பொய் ஆள், நிஜக் கணக்கைக் கெடுக்கக் கூடாதல்லவா? அவள்தான் அப்படி எழுதியிருந்தாள்.

அந்தச் சும்மா மாமாவுக்கு இப்போது ஒரு பாடி இருக்கிறதாம்!

*

மார்ச்சுவரி வாசலில் ஓர் இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டிருந்தார். வேறு ஏதோ விபத்து கேஸுக்காக வந்தவர். ஃபினாயில் வாசனை அவருக்கு ஆகாது.

உள்ளே, வெள்ளைத் துணி விலகியது.

"பாருங்க மேடம்."

ஐம்பது வயதிருக்கும். நரைத்த தாடி. ஏதோ ஒரு ஜோக்கைப் பாதியில் நிறுத்திய மாதிரி உதடுகள். இடது கையின் மோதிர விரல் பாதியோடு நின்றிருந்தது. பழைய காயம். மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டை.

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாது!"

"உங்க அண்ணன் மேடம்."

"எத்தனை தடவைம்மா சொல்றது? அந்தப் பேர்ல ஆளே கிடையாது! நானா உண்டாக்கினது!"

வாசலில் தும்மல் நின்றது.

"யாரும்மா அது, பொணத்தை உண்டாக்கினேன்னு சொல்றது?" இன்ஸ்பெக்டர் கைக்குட்டையோடு உள்ளே வந்தார்.

அவள் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"அதாவது... ஆளு இல்ல. ஆனா பாடி இருக்கு."

"ஆமா சார்."

"என் சர்வீஸ்ல ஆளு இருந்திருப்பான், பாடி கிடைக்காது. நாய் மாதிரி தேடுவோம். நீங்க என்னம்மா உல்டாவா கொண்டு வர்றீங்க... ஹச்!"

அவள் மறுபடி குனிந்தாள். அந்த நீலப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறேனே...

எங்கேயோ என்ன! இன்றைக்குக் காலையில்! காரிலிருந்து இறங்கும்போது, "இது என்னடி, மாட்டுக்கு மாட்டற மாதிரி" என்று அத்தை கையை ஆட்டிக் காட்டினாளே!

சட்டென்று இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்! இந்தப் பட்டை நாலாவது மாடி ஆராய்ச்சி வார்டுல மட்டும்தான் போடுவாங்க. கிட்னிக்குப் புது மருந்து. அந்த மருந்து ஏத்தினவங்கள்ல ஒருத்தர் செத்தாக்கூட உடனே எல்லாத்தையும் நிறுத்தணும். வெளியில இருக்கற பாதுகாப்புக் குழுவுக்குத் தானாவே தகவல் போகும். அந்த சிஸ்டமே நான் எழுதினது!"

"போச்சா?"

"எப்படி சார் போகும்? செத்தது நிஜ ஆளா இருந்தாத்தான் போகும். சும்மா மாமா செத்தா ஒரு ஈ காக்காவுக்குக்கூடத் தெரியாது! யாரோ இந்த மனுஷனை அவர் பேருக்குள்ள தள்ளி மறைச்சிருக்காங்க!"

"சரி, இதுக்கு ஏன் இப்படி நடுங்கறீங்க?"

"என் மாமியாருக்கு இன்னிக்கு அதே மருந்தை ஏத்தறாங்க சார்!"

அவள் ஏற்கெனவே ஓட ஆரம்பித்திருந்தாள்.

*

லிஃப்ட் ஆறாவது மாடியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

படி!

போனை அடித்தபடியே ஏறினாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அத்தை எடுக்கவில்லை.

'வேண்டாம்டி, இருக்கற மாத்திரையே போதும்' என்று சொன்னவளைக் கட்டாயப்படுத்தி இந்த ஆராய்ச்சியில் சேர்த்தது யார்? இவள்தான். 'பயப்படாதீங்க அத்தை, ஏதாவது ஒண்ணுன்னா என் சிஸ்டம் உடனே சத்தம் போடும்' என்று சொன்னது யார்? இவள்தான். கணவனோ நடுக்கடலில், கப்பல் என்ஜினோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான். போகும்போது அவன் சொன்னது ஒன்றே ஒன்று. அம்மாவைப் பாத்துக்கோ.

இரண்டாவது மாடியில் ஒரு செருப்பு கழன்றது. திரும்பிப் பார்க்கவில்லை.

கீழே இன்ஸ்பெக்டர் படிக்கு ஒரு தும்மலாக ஏறிக்கொண்டிருந்தார்.

வார்டு கதவு. தள்ளினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் அத்தை சாய்ந்திருந்தாள். போர்வைமேல் சீட்டுக்கட்டைப் பரப்பித் தனியாக ஆடிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் பாட்டில். பாட்டிலிலிருந்து குழாய். குழாயின் முனை... அத்தையின் கையில்!

"அத்தை!!!"

"என்னடி, நாய் துரத்தின மாதிரி? இன்னொரு செருப்பு எங்க?"

"போனை ஏன் எடுக்கல?"

"ஒரு கையில ஊசி, ஒரு கையில சீட்டு. மூணாவது கைக்கு நான் எங்க போவேன்?"

"எப்ப ஏத்தினாங்க?"

"அரை மணி ஆச்சு. பெரிய டாக்டரே வந்து குத்திட்டுப் போனாரு. அதுக்கென்ன இப்போ? நான்..."

"நீங்க பேசாம இருங்க அத்தை!" அவள் ஊசியைப் பிடுங்கக் கை நீட்டினாள்.

"அதைத் தொடாதீங்கம்மா."

பின்னால் ஒரு குரல். தேன் தடவிய குரல். ஆஸ்பத்திரி முழுக்க அவரைத் தேன் டாக்டர் என்றுதான் சொல்வார்கள். ஆராய்ச்சியின் தலைவர். அவர் கேட்டால் நோயாளி கிட்னியையே கழற்றிக் கொடுத்துவிட்டு நன்றியும் சொல்வான்.

"பாதியில நிறுத்தினா உங்க அத்தைக்குத்தான் ஆபத்து. படிச்சவங்க நீங்க. உங்களுக்குச் சொல்லணுமா?"

"கீழ ஒருத்தர் செத்துக் கிடக்கறார் டாக்டர்! கையில உங்க வார்டு பட்டை!"

தேன் டாக்டரின் புன்னகை ஒரு கணம் அசைந்தது. ஒரே கணம்தான். கதவருகே மூச்சு வாங்கியபடி நின்ற காக்கிச்சட்டையைப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஏதோ தட்டினார். பார்த்தார். மீண்டும் புன்னகை வந்தது. முன்னைவிட இனிப்பாக.

"இன்ஸ்பெக்டர், இங்க வாங்க. இறந்தவரோட விவரத்தை ஒரு பொய் நோயாளி பேருக்கு மாத்தியிருக்காங்க. பெரிய குற்றம். யாரோட லாகின்ல மாத்தியிருக்குன்னு நீங்களே படிங்க."

இன்ஸ்பெக்டர் குனிந்து படித்தார். நிமிர்ந்தார்.

அவளைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

"என்னம்மா... உங்க பேருல்ல இருக்கு?"

"நான் இல்ல சார்! சத்தியமா நான் இல்ல!"

"பொணத்தை உண்டாக்கினேன்னு கீழ நீங்கதானே சொன்னீங்க?"

"அது வேற சார்! முதல்ல அந்தக் குழாயை..."

"கொஞ்சம் நகருங்க. கட்டில் பக்கம் போகாதீங்க." அவர் கை குறுக்கே விழுந்தது.

அவளுக்கும் அத்தைக்கும் நடுவில் நான்கடிதான். நான்கு கடல் மாதிரி இருந்தது. பாட்டில் கழுத்துவரை நிறைந்து மினுமினுத்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவள் இல்லை.

யார்? என் லாகினில் புகுந்தது யார்?

பளிச்!

போன மாதம், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தபோது, இந்த வார்டின் டேட்டா மேனேஜருக்குப் போனிலேயே பாஸ்வேர்டைச் சொன்னாள். எப்போதும் அரைத்தூக்கத்தில் இருக்கும் அந்தத் தூங்குமூஞ்சி மனிதன்! 'பல் தேய்க்கிற பிரஷ்ஷையும் பாஸ்வேர்டையும் யாருக்கும் குடுக்காதீங்க' என்று ஊரெல்லாம் வகுப்பெடுக்கிறவள், பிரஷ்ஷைத் தூக்கிக் கொடுத்திருந்தாள்!

"ஏன்டி," என்றாள் அத்தை மெதுவாக, "கீழ கிடக்கறதா சொன்னியே... அவருக்குத் தாடி இருக்கா?"

"இருக்கு அத்தை."

"மோதிர விரல்?"

"பாதி... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தையின் கையிலிருந்து சீட்டு நழுவியது.

"பக்கத்து பெட்காரர்டி! வாரா வாரம் என்னோட சீட்டு ஆடுவாரே! அரை விரலை வெச்சுக்கிட்டே சீட்டை மறைப்பாரு, திருட்டு மனுஷன்!" அத்தையின் கண்கள் டாக்டர் மேல் திரும்பின. "ஏன் டாக்டர், காலையில வந்ததும் அவர் எங்கன்னு கேட்டேன். நேத்தே குணமாகி வீட்டுக்குப் போயிட்டாருன்னு சொன்னீங்களே?"

"அது... ஆமாம்மா. கையெழுத்துப் போட்டுட்டு அவராத்தான் போனாரு. வீட்டுல வெச்சு என்ன ஆச்சோ..."

"எந்த வீட்டுல?"

டாக்டர் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு வீடே கிடையாதே! பொண்டாட்டி இல்ல, பிள்ளை இல்ல. 'இந்தக் கட்டில்தான்க்கா என் வீடு, நீங்கதான் என் பக்கத்து வீடு'ன்னு சொல்லுவாரு. எந்த வீட்டுக்கு டாக்டர் அனுப்பினீங்க?"

இன்ஸ்பெக்டருக்கு வரவேண்டிய தும்மல் பாதியிலேயே நின்றது.

தேன் டாக்டர் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றினார். "இன்ஸ்பெக்டர், நோயாளிங்க ஆயிரம் பேசுவாங்க. லாகின் இந்த அம்மாவோடது. அதுதானே ஆதாரம்?"

"அவங்க இல்ல சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

கதவருகே தூங்குமூஞ்சி நின்றிருந்தான். முதல் தடவையாக அவன் கண்கள் முழுசாகத் திறந்திருந்தன.

"நான்தான் மாத்தினேன். மேடத்தோட பாஸ்வேர்டுல."

"பாத்தீங்களா!" தேன் டாக்டர் துள்ளி எழுந்தார். "அவனே ஒத்துக்கிட்டான்! பிடிங்க அவனை!"

அவள் அவனை நோக்கி இரண்டடி வைத்தாள். "நீங்களா? ஏன் இப்படிப் பண்ணீங்க? ஒரு சாவை இப்படியா மறைக்கறது?"

"மறைக்கல மேடம்." தூங்குமூஞ்சி உள்ளே வந்தான். "மறைக்கச் சொன்னது டாக்டர். மருந்து ஏறி ஒரு மணி நேரத்துல அந்த மனுஷன் போயிட்டாரு. 'உயிரோட வீட்டுக்குப் போயிட்டதா எழுதிடு, பாடியை அநாதைப் பொணம்னு தள்ளிடலாம்'னு சொன்னாரு. அப்படி எழுதியிருந்தா அதோட முடிஞ்சிருக்கும். கேக்கறதுக்கு நாதியில்ல. சிஸ்டம் யாருக்குப் போன் பண்ணச் சொல்லும்? அவருக்குத்தான் ஒருத்தருமே இல்லையே!"

"அதனால..."

"சும்மா மாமாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தாங்க மேடம்."

தூங்குமூஞ்சி அவள் கையிலிருந்த போனைக் காட்டினான்.

"அந்தப் பேருக்கு மாத்தி, இறந்துட்டாருன்னு போட்டேன். மார்ச்சுவரிக்கு உங்க நம்பர் போகும்னு எனக்குத் தெரியும். நீங்க ஓடி வருவீங்கன்னும் தெரியும். டாக்டருக்கு மட்டும் அது தெரியாது."

அவள் நம்பருக்குப் போன் வந்தது, சாவை மறைத்தவன் செய்த தவறே இல்லை. அது ஒரு அழைப்பு! சிஸ்டத்துக்குள் ஒளிந்துகொண்டு ஒருவன் போட்ட கூச்சல்!

"என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே!"

"அடுத்த வாரம் என் மனைவிக்கு ஆபரேஷன் மேடம்." அவன் டாக்டரைக் காட்டினான். "கத்தியைப் பிடிக்கப்போறது இவர்தான்."

தேன் டாக்டர் வெடித்தார். குரலில் ஒரு சொட்டுத் தேன் இல்லை.

"என்னய்யா பெருசா ஆகிப்போச்சு? இந்த மருந்து ஜெயிச்சா லட்சம் பேர் பிழைப்பாங்க! எத்தனை வருஷ உழைப்பு! ஒருத்தன்... யாருமே இல்லாத ஒருத்தன் போனதுக்காக எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றீங்களா?"

"யாருமில்லாதவர் இல்ல டாக்டர்," என்றாள் அவள். "அவர் என் அண்ணன்."

இன்ஸ்பெக்டர் டாக்டரின் தோளில் கை வைத்தார். "வாங்க சார். மிச்சத்தை ஸ்டேஷன்ல பேசலாம். அங்க ஃபினாயில் அடிக்கறதே இல்ல, எனக்கு வசதி."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குழாய்!

இவ்வளவு நேரமும்... அத்தையின் கையில்!

"ஐயோ அத்தை!" பாய்ந்தாள். ஊசியைப் பிடுங்கினாள். பஞ்சை அழுத்தினாள். "எவ்வளவு ஏறிச்சு? என்ன பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? மூச்சு..."

"வலிக்குதுடி."

"எங்க?!"

"நீ அழுத்தற இடத்துல. கையை எடு முதல்ல."

"அத்தை!"

"பாட்டிலைப் பாருடி, படிச்சவளே!"

பார்த்தாள்.

பாட்டில் நிறைய மருந்து. ஒரு சொட்டுகூடக் குறையவில்லை. குழாயின் நடுவிலிருந்த சின்னச் சக்கரம் இறுக்கமாக மூடியிருந்தது!

"டாக்டர் தலை மறைஞ்சதும் நானே உருட்டி மூடிட்டேன். பக்கத்து பெட்காரர் சொல்லாம போற ஆளா? என்கிட்ட தோத்த ஆட்டத்தைத் திருப்பி ஆடாம அவர் சொர்க்கத்துக்குக்கூடப் போக மாட்டாரு. வீட்டுக்குப் போயிட்டாருன்னு டாக்டர் சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் தட்டிடுச்சு."

"அதை வந்ததும் சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்க சொல்ல விட்டே? வாயைத் திறந்தா 'பேசாம இருங்க அத்தை'ன்னே. என் மகனும் கல்யாணமான நாள்லேர்ந்து இதைத்தான் சொல்லிப் புலம்பறான்!"

அவள் அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சீட்டுகள் சிதறின. அத்தையின் கை அவள் தலையில் வந்து உட்கார்ந்தது. திட்டிய வாய் திட்டிக்கொண்டே இருந்தது. தடவிய கை தடவிக்கொண்டே இருந்தது.

*

மாலை. மறுபடியும் மார்ச்சுவரி.

சும்மா மாமாவின் பெயர் திருத்தப்பட்டது. நிஜ மனிதர் தன் நிஜப் பெயருக்குத் திரும்பினார். பாதுகாப்புக் குழுவுக்கு எச்சரிக்கை பறந்தது. நான்காவது மாடியில் எல்லாப் பாட்டில்களும் இறங்கின. தூங்குமூஞ்சியின் மனைவிக்கு வேறு டாக்டர் கிடைத்தார்.

ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"பாடியை யார் மேடம் வாங்கிக்கறது?" காலையில் போன் செய்த அதே பெண்.

அவள் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில், யோசிக்காமல், 'தங்கை' என்று எழுதினாள்.

அத்தை புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கையிலிருந்த சீட்டுக்கட்டை அவர் பக்கத்தில் மெல்ல வைத்தாள். "அங்கேயாவது திருடாம ஆடுங்க" என்றாள்.

அப்போது...

டிங்!

அவளுடைய போன். குறுஞ்செய்தி. ஆஸ்பத்திரியிலிருந்து. எல்லா நோயாளிகளின் வீட்டுக்கும் தானாகப் போவதுபோல் அவளே எழுதிவைத்த செய்தி!

"என்னடி அது? படி."

"'உங்கள் அண்ணனுக்கு எங்கள் டாக்டரின் கவனிப்பு எப்படி இருந்தது? அவர் மீண்டும் எங்களிடம் வருவாரா? ஆம், இல்லை... ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.'"

இன்ஸ்பெக்டர்கூடச் சங்கடத்தோடு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அத்தை மட்டும் மருமகளின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"'ஆம்'னு போடுடி! பேயா வந்து அந்தத் தேன் டாக்டரை ஒரு தடவை பாத்துட்டுப் போகட்டும்!"